பெயர் சொல்லாமல் போன அண்ணைக்கு

பிரித்தானியாவின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய அதே 1942 இல் தன் கப்பலோடு மூழ்கிப் போனவர் எங்கட ஊர்க் கடலோடி. உடல் வரவில்லை, முல்லைத்தீவுக் கரையில் நிற்கும் சீமெந்து நினைவுக்கல் மட்டும்தான். அதைத் திருத்தித் தந்த அண்ணை, மிக்க நன்றி.

உப்புக்காற்றில் உள்கம்பி துருவேறிப் பருத்துத்தான் சீமெந்து பிளந்தது. மேலால் பூசி மெழுகினால் அடுத்த மாரிக்குள் திரும்ப வெடிக்கும். நீங்களோ கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவை மினுங்க உரஞ்சி, துருத்தடுப்புப் பூசி, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலவை போட்டீர்கள். கடல்மணலைத் தொடவே விடவில்லை. 7 நாள் ஈரச்சாக்கால் மூடி வைத்தீர்கள். பெயின்ற் அடிக்க ஒரு மாதம் பொறுக்கச் சொன்னீர்கள், பொறுத்திருக்கிறோம்.

பெயரிலுள்ள ‘ழ’வின் சுழியை ஆணிமுனையால் கீறி மீட்டிருக்கிறீர்கள். அதையும் கண்டோம்.