எல்லாப் புள்ளிக்கும் ஆள் தேடாதே கண்ணு

கண்ணு,

இந்த வாரமும் நீ கூப்பிடவில்லை. சரி, வேலை இருக்கும். மாப்பிள்ளைதான் அம்மாவிடம் பேசினார், ஷாஃப்ட் விட்டத்தில் ரிஜெக்‌ஷன் ஏறிவிட்டதாம், ராத்திரி ஒரு மணிக்கும் லேப்டாப்பும் கையுமாக இருக்கிறாயாம். முதலில் நேரத்துக்குச் சாப்பிடு.

நான் மில் லேபில் நூலை நீளம் அளக்கிற ராப்பிங் ரீல் சுற்றியவன், உன் மைக்ரான் கணக்கு எனக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பாய். 40-ஆம் கவுண்ட் (நூலின் மெல்லிசைச் சொல்லும் எண்) ஓடும்போது லீ என்கிற 120 கஜம் நூலை நிறுத்தால் ஒன்று 39.6 காட்டும், அடுத்தது 40.3 காட்டும். அப்போதிருந்த சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் பஞ்சை இழுத்து மெலிதாக்கும் டிராஃப்ரேமில் பினியன் பல்சக்கரத்தை மாற்றச் சொல்வார், அடுத்த ஷிஃப்டில் மறுபடி பழைய பினியன். பஞ்சு தானாக ஆடுகிற ஆட்டம் போதாதென்று நம்முடைய ஆட்டமும் சேர்ந்து, கவுண்ட் முன்னைவிட மோசமாக அலைந்தது. ஒவ்வொரு அளவையும் புள்ளியாக வைத்து, மேலும் கீழும் எல்லைக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டினால் மட்டும் கைவைப்பது என்று கன்ட்ரோல் சார்ட் போட்ட பிறகுதான் அடங்கியது. ஒரு நாள் மட்டும் நிஜமாகவே கோட்டைத் தாண்டியது, பார்த்தால் ஹியூமிடிட்டி பிளான்ட் நின்றுபோய்ப் பஞ்சு காய்ந்திருந்தது. அதற்குக் காரணம் தேடலாம், தேடினால் கிடைக்கும். மற்றதற்குக் கிடைக்காது.

1924-இல் இந்தச் சார்ட்டைக் கண்டுபிடித்த ஷூவார்ட் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டியது இதைத்தானே? அந்த எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்கிற மூன்று சிக்மா கணக்கை எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவளே நீதான், நம் வீட்டில் அந்தப் படிப்பு உனக்குத்தான் வந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட்டை, அதுதான் வெட்டுகிற டூல் நிற்கும் இடத்தை, மாற்றச் சொல்கிறாயாமே, ஏன்? முதலில் கேஜ் ஆர் அண்ட் ஆர், அதாவது அளக்கிற கருவியும் கையும் எவ்வளவு ஆடுகிறது என்கிற சோதனை, பார்த்தாயா? 50 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினாலே 6 மைக்ரான் போலப் பெருக்கும், சூடாக அளந்துவிட்டு மிஷினைத் திட்டாதே, அதை ஓட்டுகிற பையனையும் திட்டாதே.

எல்லாம் கோட்டுக்குள்ளேயே, சராசரியும் நடுவிலேயே இருந்தும், கேட்ட அளவு வரம்புக்குள் எவ்வளவு தாராளமாக அடங்குகிறது என்று சொல்லும் சிபிகே 1.33 வரவில்லை என்றால் மிஷின் பிடிப்பது அவ்வளவுதான். ஸ்பிண்டிலுக்கோ வேறு மிஷினுக்கோ காசு போடவேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள், நீ தூங்காமல் கிடந்தால் ஒரு மைக்ரான்கூடக் குறையாது. இதற்காக ராஜினாமா எழுதி வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னது என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள். வேலையை விடுவதென்றால் விடு, அது உன் இஷ்டம், ஆனால் எல்லாம் என் தப்பு என்று சொல்லிக்கொண்டு விடாதே.

ஆஃப்செட்டைத் தொடாமல் ஒரு ஷிஃப்ட் ஓட்டிப் பார். ஓட்டும்போது இன்ஸ்பெக்‌ஷனை மட்டும் விட்டுவிடாதே, கஸ்டமருக்குக் கெட்டது போய்விடக் கூடாது. அந்தச் சார்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, இங்கே எனக்கும் பொழுது போகவேண்டும். பத்து மணிக்கு மேல் அனுப்பாதே.

அப்பா