பதவி உயர்வுக் குழுவின் மேசையில் கிடக்கும் ஒற்றைத் தாள்

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களின் பதவி உயர்வுக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

வணக்கம். மருத்துவ, சுகாதாரத் துறைகளிலிருந்து உங்களிடம் வரும் ஒவ்வொரு விண்ணப்பக் கோப்பிலும் நூலகம் கொடுத்த தாள் ஒன்று இருக்கும். கட்டுரைகள் இத்தனை, மேற்கோள்கள் (பிறர் தம் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய தடவைகள்) இத்தனை, இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிடும் எச்-குறியீடு இவ்வளவு என்று மூன்று வரி, கீழே ஒரு முத்திரை. கோலாலம்பூரில் ஒரு மருத்துவ நூலகத்தில் அந்தத் தாளைத் தயாரிக்கும் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அதை வைத்து முடிவெடுப்பவர்கள் எங்களிடம் கேட்டதே இல்லை. கேட்காமலே சொல்கிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் குழுக்களில் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள், விண்ணப்பிப்பவர்களிலும் இருக்கிறார்கள். முதலில் நான் சொல்லப்போகும் கோளாறு அந்த விண்ணப்பதாரர்களைத்தான் அதிகம் தாக்குகிறது.

மலேசியத் தமிழர்களான நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் சொந்தப் பெயர், பிறகு மலாயில் மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி' அல்லது மகள் என்று பொருள்படும் 'அனாக் பெரெம்புவான்', அதன்பின் தந்தையின் பெயர். வெளிநாட்டு ஆய்விதழ்களின் படிவம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். இதனால் மகள் இராப்பகலாக எழுதிய கட்டுரை அப்பாவின் பெயரில் பட்டியலாகிறது. பெற்றவருக்குப் பெருமை என்று விட்டுவிடலாம், எல்லா இதழ்களும் ஒரே மாதிரி செய்தால். ஓர் இதழ் தந்தை பெயரை முன்னால் போடும். இன்னொன்று தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது, 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கமான 'ஏ/பி' என்பதையே பெயரின் பகுதியாக்கிவிடும். ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதிந்து எண்ணும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் கணினி இவற்றைப் பார்த்துவிட்டு, மூன்று வெவ்வேறு ஆய்வாளர்கள் என்று முடிவுசெய்து மூன்று கணக்கு திறந்து வைக்கும். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரில் எழுதத் தொடங்கியவராக இருந்தால் நான்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பொது சுகாதார மருத்துவர் இப்படித்தான் அகப்பட்டுக்கொண்டார். இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளிகளின் கால் புண் பற்றி ஆய்வு செய்பவர். இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். 'மேற்கோள் தாக்கம் போதுமானதாக இல்லை' என்ற ஒரே வரியோடு கோப்பு திரும்பியது. அப்போது அவருடைய கட்டுரைகள் இரண்டு கணக்குகளில் சிதறிக் கிடந்தன. இரண்டு எச்-குறியீடுகளை அப்படியே கூட்டிவிடவும் முடியாது, எல்லாக் கட்டுரைகளையும் ஒன்று சேர்த்துப் புதிதாக எண்ண வேண்டும். இணைக்கச் சொல்லி எழுதி, அது சரியாகி வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2012-இல் ஓர்க்கிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண் வந்தது. பழைய கட்டுரைகளை அதில் ஒருவர் உட்கார்ந்து சேர்த்தால்தான் அது வேலை செய்யும். வகுப்பு, வார்டு, களப்பணி என்று ஓடுகிறவர்களுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்?

பெயர் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எச்-குறியீட்டை 2005-இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் கலிபோர்னிய இயற்பியலாளர். பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு பத்து. மூன்றே கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் மேற்கோள் பெற்றிருந்தாலும் குறியீடு மூன்றுதான். அது ஏறும், இறங்காது. இருபது ஆண்டுகளாகப் பேனாவைத் தொடாதவரின் எண்ணும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். ஒற்றை எண் ஓர் ஆய்வாளரைப் பற்றித் தோராயமாகத்தான் சொல்லும் என்று ஹிர்ஷே தம் கட்டுரையில் எழுதினார். துறைக்குத் துறை எண் மாறும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. உங்கள் கூட்டத்திலோ புற்றுநோய் மூலக்கூறு ஆய்வகக்காரரும் தாதியர் கல்வி ஆய்வாளரும் ஒரே அளவுகோலின்கீழ் நிற்கிறார்கள். அதுவும் எந்த அளவுகோல்? ஒரே ஆளுக்கு வெப் ஆஃப் சயன்ஸ் என்னும் தரவுத்தளம் ஓர் எண் தரும், ஸ்கோபஸ் இன்னொன்று தரும், ஆய்வேடுகளையும் மாநாட்டு உரைகளையும் சேர்த்து எண்ணும் கூகுள் ஸ்காலர் பெரும்பாலும் எல்லாவற்றையும்விடப் பெரிய எண்ணைத் தரும். எந்தத் தளம், எந்தத் தேதி என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்போம். அதை யாராவது படித்தார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

ஆய்விதழின் தாக்கக் காரணியைப் பற்றி ஒரு நூலகனாக எனக்குத் தனிப்பட்ட மனக்குறை இருக்கிறது. யூஜீன் கார்ஃபீல்டு உருவாக்கிய அந்தக் கருவி, இதழ்களைத் தேர்ந்தெடுப்பதற்காக வந்தது. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க எங்களுக்கு உதவியது. முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி, அவ்வளவுதான். அதைத் தூக்கி மனிதர்கள்மேல் வைத்தது நாங்கள் அல்ல.

மேற்கோள் எல்லாம் பாராட்டு என்று எண்ணுகிறவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவரின் கட்டுரை, 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் அதை மறுத்தவர்கள். எண்ணிக்கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. கூட்டுக் கட்டுரைகள் இன்னொரு கதை. கோவிட் காலத்தில் அறுவை சிகிச்சை பற்றி 2021-இல் வெளியான ஒரு கட்டுரைக்கு 15,025 ஆசிரியர்கள், கின்னஸ் சாதனையே படைத்தது. அதில் உழைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேரின் கணக்கிலும் முழுதாக ஏறுகிறது. கோலாலம்பூரின் செந்தூலிலும் லெம்பா பந்தாயிலும் படியேறி, வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒருவர் தனியாக எழுதியதும் அதே பட்டியலில் 'ஒன்று' என்றுதான் நிற்கிறது.

சுகாதார ஆய்வில் இதற்கும் அடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த ஆய்வின் வாசகர் யார்? அரசு கிளினிக்கில் ஒரு காலையில் வரிசையாக நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர், புண்ணுக்குக் கட்டுப் போடும் தாதி, மருந்தாளர். இவர்கள் படிப்பார்கள், படித்ததைச் செய்வார்கள், மேற்கோள் காட்ட மாட்டார்கள். கட்டுரை எழுதுவது அவர்கள் வேலை அல்ல. சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்கான வழிகாட்டியின் ஆறாம் பதிப்பு 2020-இல் வந்தது. அப்படியொரு நூலின் அடிக்குறிப்பில் ஒருவரின் ஆய்வு இடம்பெற்றால் நாடு முழுவதும் சிகிச்சை முறையில் அதன் கை படுகிறது. நான் தயாரித்த தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை, ஸ்கோபஸ் அந்த நூலை எண்ணுவதில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். உள்ளூர் நோயாளிகளைப் பற்றி உள்ளூர் மருத்துவர் படிக்கும் இதழில் எழுதுவது இந்த நிலையில் குறைந்த வேலையா? 1890-இல் வேர்விட்ட மலேசிய மருத்துவ ஆய்விதழில் எழுதினால் 'முதல் தரவரிசை இதழ் இல்லையா?' என்று முகம் சுளிக்கிறீர்கள்.

1999-ஐ நினைத்துப் பாருங்கள். பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சலால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்குப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்தெடுத்தது வேறு வைரஸ் என்று தெரிந்தது. நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆனது. கொசுவை விட்டுப் பன்றியின் பக்கம் நாடு திரும்பியது, சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. 265 பேரைப் பிடித்து 105 பேரைக் கொன்றபின் நோய் அடங்கியது. அதைப் பற்றி லான்செட் இதழில் கட்டுரை வந்தது அக்டோபரில், சயன்ஸ் இதழில் 2000 மே மாதத்தில். உயிர்கள் காப்பாற்றப்பட்ட நாளில் அந்தக் கண்டுபிடிப்பின் மேற்கோள் எண்ணிக்கை பூஜ்யம்.

எண்ணைத் துரத்தும்போது என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஹிண்டாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு ஒரு பெரிய பொது சுகாதார இதழே வெப் ஆஃப் சயன்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சொந்தக் காசில் ரிங்கிட் ஆயிரக்கணக்கில் வெளியீட்டுக் கட்டணம் கட்டி அங்கெல்லாம் எழுதிய இளம் விரிவுரையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அங்கே போனது உங்கள் படிவம் கேட்டதால்தான்.

நம் சமூகமும் சளைத்தது அல்ல. உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானிகள் பட்டியல் வந்ததும் மண்டபம் பிடித்துப் பொன்னாடை போர்த்துகிறோம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு மேற்கோள்களை வைத்துத் தொகுக்கும் அந்தப் பட்டியல் வாழ்நாள் கணக்கு, ஓராண்டுக் கணக்கு என்று இரண்டாக வருகிறது. யார் எதில் இருக்கிறார் என்று மேடையில் ஒருவரும் கேட்பதில்லை. சரி, பொன்னாடையால் யாருக்கும் நட்டம் இல்லை.

இதையெல்லாம் தமிழ் விரிவுரையாளர்களிடம் சொன்னால் சிலர் என்மேல் கோபப்படுகிறார்கள். "எண்தானே ஐயா எங்களுக்குக் காவல்? அதையும் எடுத்துவிட்டால் தலையெழுத்து மேலாளரின் மனசைப் பொறுத்ததாகிவிடும்" என்கிறார்கள். இந்தப் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். 'தகுதி' என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம் என்பதை இந்த நாட்டில் சிறுபான்மையாய் இருப்பவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எண் இருக்கட்டும். ஆனால் நான் முன்பு சொன்ன கால் புண் ஆய்வு மருத்துவரை எண் காப்பாற்றவில்லை, அதுதான் அவரை வெளியே நிறுத்தியது. ஒரு வரி மறுப்புக்கு அது திரையாகவும் பயன்பட்டது. காவல் வேண்டுமென்றால் எழுத்தில் காரணம் வேண்டும்: எந்தக் கட்டுரைகளைப் படித்தோம், எதில் குறை கண்டோம் என்று குழு கையெழுத்திட்டுத் தர வேண்டும். 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா பிரகடனம், பதவி உயர்வில் இதழின் எண்ணைக் கொண்டு ஆளை எடைபோடாதீர்கள் என்று கேட்டது இந்தத் திசையில்தான்.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. விண்ணப்பதாரர் தாமே பொறுக்கித் தரும் ஐந்து படைப்புகளை உறுப்பினர் இருவராவது படிக்கட்டும். வழிகாட்டி நூல், கிளினிக்கில் வந்த மாற்றம், நோயாளிகளுக்குத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதிய கையேடு ஆகியவையும் சான்றாக ஏற்கப்படட்டும். மறுப்பு என்றால் காரணத்தோடு மறுப்பு. இவற்றுக்கு விதி திருத்த வேண்டும், செனட்டைத் தாண்ட வேண்டும், ஆண்டுகள் ஆகலாம். ஆனால் நூலகத் தாளைக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பதாரரிடம் காட்டி, 'இந்தக் கணக்கு உங்களுடையதுதானா, எல்லாம் வந்திருக்கிறதா?' என்று கையெழுத்து வாங்குவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். அடுத்த கூட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ நூலகர்,
கோலாலம்பூர்