கற்பித்தற் பயிற்சிக்கு எமது ஊர்ப் பாடசாலைகளை ஒதுக்கித் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
பட்டநெறி பயிலும் முன்பள்ளி ஆசிரியைகள்,
மூதூர் தொடக்கம் வெருகல் வரையுள்ள கிராமங்கள்.

பெறுநர்:
கல்விப் பொறுப்பதிகாரி அவர்கள்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: முன்பிள்ளைப்பருவ, ஆரம்பக் கல்விப் பட்டநெறி மாணவியரின் கற்பித்தற் பயிற்சி இடஒதுக்கீடு (முன்னைய மனுக்களின் தொடர்ச்சி)

மேற்படி விடயம் தங்கள் அலுவலகத்துக்குப் புதியதன்று. கடந்த ஆண்டு பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்பினோம். பதில் வராதபடியால் நேரிலேயே கொண்டுவந்து கையளித்தோம். கடிதங்களைப் பொறுப்பேற்கும் உத்தியோகத்தர் திகதி முத்திரை குத்திப் பிரதியைத் திருப்பித் தந்தார். அந்த முத்திரைதான் இன்றுவரை எமக்குக் கிடைத்த ஒரே பதில். ஆயினும் தங்கள் மேலான பார்வைக்கு மனு வந்து சேரவில்லை என்றே நம்பி, மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

தாங்கள் இந்த மாவட்டத்தை நன்கு அறிந்தவர். ஈச்சிலம்பற்று எங்கே இருக்கிறது, மாரி காலத்தில் வெருகல் எப்படி இருக்கும் என்றெல்லாம் விளக்கித் தங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

1. நாங்கள் உயர்தரம் வரை கற்று, ஊர் முன்பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவர்கள். இப்போது தமிழ்மொழி மூலம், தொலைக்கல்வி முறையில் பட்டநெறி பயில்கிறோம். எமது மாவட்டத்தில் ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரி கிடையாது. மட்டக்களப்பின் தாழங்குடாவிலோ அம்பாறையின் அட்டாளைச்சேனையிலோ விடுதியில் தங்கிப் படிப்பது, உயர்தரம் முடித்த கையோடு போகும் பிள்ளைகளுக்கு இயலும்; வீடும் குழந்தையுமாக இருக்கும் எமக்கு இயலாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் வணிகமும் தொடர்பாடலும் பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் உண்டு. கல்வியும் பிள்ளைநலமும் மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில்தான். ஆகவே வார இறுதி வகுப்பு, தபாலில் வரும் பாடநூல், பிள்ளைகள் உறங்கிய பின் ஒப்படை என்ற வழியைத் தேர்ந்தோம். இதில் எமக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. படிப்பு கடினமானது. சின்னப் பிள்ளைகளை ஒப்படைக்கிற வேலைக்கு அது கடினமாக இருக்கத்தான் வேண்டும்.

2. புரோபெல், மொண்டிசோரி, பியாஜே, வைகொட்ஸ்கி என்று பிள்ளைக் கல்விச் சிந்தனையாளர்களைப் படித்து எழுத்துப் பரீட்சைகளை ஒருவாறு எழுதிவிட்டோம். ஆனால் பட்டம் கையில் வருவதற்குக் கற்பித்தற் பயிற்சியிலும் சித்தியடைய வேண்டும். அது முன்பள்ளியில் ஒரு கட்டம், அரச பாடசாலையின் தரம் 1, 2 வகுப்புகளில் ஒரு கட்டம். இரண்டிலும் மேற்பார்வையாளர் ஒருவர் வகுப்பிலே அமர்ந்து பார்த்துப் புள்ளியிடுவார். அதனோடு பிள்ளை ஆய்வு ஒன்றும் உண்டு: ஒரு பிள்ளையைத் தெரிந்து, அதன் பேச்சையும் விளையாட்டையும் தொடர்ந்து கவனித்து, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரோடு கதைத்து, எழுதிக் கொடுக்க வேண்டும். முதற்கட்டம் எமது முன்பள்ளிகளிலேயே நடந்து முடிந்தது. சிக்கல் இரண்டாவதில்.

3. அரச பாடசாலைக்குள் பயிற்சிக்கு நுழைய அதிகாரியின் கடிதம் தேவை. பல மாதம் காத்திருந்த பின் முதற்குழுவுக்குக் கடிதம் வந்தபோது, ஒதுக்கப்பட்டிருந்த பாடசாலைகள் அனைத்தும் நகரை அண்டியவை. மூதூருக்கு இப்பால் ஒன்றுகூட இல்லை. காரணம் கேட்டோம். மேற்பார்வைக்கு வருவோருக்கு அதுதான் வசதி என்றார்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, துறையில் பாதைக்காக (மிதவைப் படகுக்காக) காத்து நிற்கிற காலம் போய்விட்டது, உண்மை. பாலம் பயண நேரத்தைக் குறைத்தது, பஸ்களைக் கூட்டவில்லை. வெருகல் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் ஏறினாலும் காலை 7.30 மணிக்குப் பாடசாலை மணி அடிக்கும்போது நாங்கள் வீதியில்தான் இருப்போம். பிந்தி வந்ததாக அதிபர் பதிவேட்டில் குறிப்பார்; அந்தக் குறிப்பு எமது புள்ளியில் கைவைக்கும். சேலை உடுத்து, பிறிஸ்டல் போட்டில் வெட்டிய படங்களையும் களிமண் உருவங்களையும் புளியங்கொட்டை நிரப்பிய போத்தல்களையும் பெட்டியில் கட்டிக்கொண்டு நெரிசலில் நின்று வந்தோம். நடத்துநர் பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். மழைநாளில் படங்கள் நனைந்து சாயம் இறங்கிவிட்டது. அன்றைய பாடம் நீரில் கரையும் பொருட்கள் பற்றியதாக இருந்திருந்தாலாவது பிரயோசனப்பட்டிருக்கும்.

நகரில் அறை எடுத்துத் தங்கலாமே என்று ஓர் உத்தியோகத்தர் யோசனை சொன்னார். மாகாணக் கொடுப்பனவாக எமக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தத் தொகையை இங்கே எழுத எமக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனால், ஐயா, இந்த மனுவை எழுதவைத்தது பஸ்ஸும் அல்ல, வாடகையும் அல்ல. எமது முன்பள்ளிகள் மூடப்படுவதுதான்.

எம்மில் பெரும்பாலோர் ஒற்றை ஆசிரியையாக முன்பள்ளி நடத்துகிறோம். நாங்கள் நகருக்குப் போனால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஊர்ப் பாடசாலையில் பயிற்சி என்றால், அயலிலேயே இருப்பதால், பெற்றோர் ஒருவரின் துணையோடு முன்பள்ளியைக் காலையில் திறந்துவைத்து ஒருவாறு நடத்தலாம். பயிற்சி இல்லாத நாட்களில் நாங்களே நிற்கலாம். நகரப் பாடசாலை என்றால் வாரக்கணக்கில் பூட்டுத்தான். பூட்டிய நாட்களுக்குக் கொடுப்பனவும் வெட்டப்படுகிறது. அதைக்கூட விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தாய்மார் வயலுக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள். மூன்று வயதுப் பிள்ளையை வரம்பில் இருத்திவிட்டு நாற்று நடுகிறார்கள். இல்லையேல் தரம் 4இல் படிக்கும் அக்காவைப் பாடசாலைக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த அக்காவின் வரவு குறைந்ததற்குப் பிறகு யாரோ ஓர் அதிகாரி விளக்கம் கேட்பார்.

ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதிக்க வேண்டும். முன்பள்ளிக்கு வந்து மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை. ஒருநாள் மணல் தொட்டியில் பக்கத்துப் பிள்ளையிடம் சிரட்டையைக் கேட்டு வாங்கியது. அதுதான் அது முன்பள்ளியில் பேசிய முதல் பேச்சு. மறுவாரம் அதன் ஆசிரியை பயிற்சிக்காக நகருக்குப் போய்விட்டார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, பிள்ளை தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்த வயதில் பிள்ளைக்குப் பழகிய ஆளும் பழகிய இடமும் அறுபடக்கூடாது என்பதைத்தான் எமது பாடநூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. அதைக் கற்றோம் என்று நிரூபிப்பதற்காகவே அதை அறுத்துவிட்டு வரச்சொல்கிறீர்கள்.

4. எமது பிரதேசத்தில் பயிற்சிக்கு ஏற்ற பாடசாலைகள் இல்லை என்றும் ஒரு காரணம் வாய்மூலம் சொல்லப்பட்டது. தயவுசெய்து யாராவது அதை எழுத்தில் தர வேண்டும். தரம் 1ஐயும் 2ஐயும் ஒரே ஆசிரியர் ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் பாடசாலைகள் எமது பக்கத்தில் இருக்கின்றன. பல்தர வகுப்புக் கற்பித்தல் எமக்குப் பாடமாகவே உண்டு. பல்தர வகுப்பு இல்லாத பெரிய பாடசாலையில் போய் அதை எப்படிப் பயில்வது? 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலாம் முதன்மை நிலையில் (தரம் 1, 2) விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்து, மேசையில் இருந்து எழுதும் வேலையைப் பின்னுக்குத் தள்ளியது. எமக்கு ஒதுக்கப்பட்ட நகரப் பாடசாலை ஒன்றில், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடு செய்ய இடமில்லை என்று வகுப்பாசிரியையே கைவிரித்தார். எமது ஊரில் வகுப்பறைக்கு வெளியே முழுக்கச் சுற்றாடல்தான்.

தரம் 1க்கு வரும் பிள்ளையை ஆண்டின் தொடக்க வாரங்களிலேயே ஆசிரியர் இனங்காண வேண்டும் என்பது நடைமுறை. அந்தப் பிள்ளைகள் யார்? சென்ற மார்கழி வரை எம்மிடம் இருந்தவர்கள். மீன்பிடிக்கிறவர்களின், சேனைப் பயிர் செய்கிறவர்களின், பூர்வகுடிக் குடும்பங்களின் பிள்ளைகள். எது இடக்கைப் பிள்ளை, எதற்குக் காது மந்தம், எது பசியோடு வருகிறது என்பது எமக்குத் தெரியும். முன்பள்ளியிலிருந்து தரம் 1க்குப் போகிற அந்த மாற்றத்தைத்தான் பட்டநெறி எம்மிடம் ஆராயச் சொல்கிறது. அதே பிள்ளையை அடுத்த ஒழுங்கையிலுள்ள பாடசாலையில் தொடர்ந்து கவனிக்கும் வாய்ப்பை விட்டு, பெயரும் வீடும் தெரியாத நகரத்துப் பிள்ளையின் பெற்றோரை மாலை பஸ்ஸுக்கு முன் ஓடிப் பிடித்து நான்கு கேள்வி கேட்டு எழுதினோம். அது பிள்ளை ஆய்வா, ஐயா?

5. பொறுப்பு யாருடையது? பட்டநெறியை நடத்தும் பல்கலைக்கழகத்தைக் கேட்டால், பாடசாலையை ஒதுக்குவது கல்வி நிர்வாகம் என்கிறார்கள். கல்வி நிர்வாகத்தைக் கேட்டால், பல்கலைக்கழகம் தந்த பட்டியலின்படி செய்தோம் என்கிறார்கள். பட்டியலைப் பார்க்கலாமா என்றால், அலுவலகக் கோவையில் இருக்கிறது என்கிறார்கள். கோவை யாரிடம் என்றால், அவர் விடுமுறை. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்வது மாகாணத்தின் பொறுப்பு. எமது ஊர்ப் பாடசாலைகளும் மாகாணப் பாடசாலைகள்தான். மூடப்படும் முன்பள்ளியும் திறக்க மறுக்கப்படும் வகுப்பறையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும்போது, நாங்கள் இன்னும் யாரிடம் போக வேண்டும்?

6. இரண்டாம் குழுவின் பயிற்சி, மாரி தொடங்கும் காலத்தில் வைக்கப்படும் என்று அறிகிறோம். 2011 தை மாத வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த அளவு வேண்டாம். வெருகல் ஆறு கொஞ்சம் பெருகினாலே உள்வீதிகள் துண்டிக்கப்பட்டுவிடும். அப்போது நாங்கள் நகருக்கும் வரமாட்டோம், முன்பள்ளியும் திறந்திராது. இரண்டும் கெட்டு, பட்டமும் ஓராண்டு பிந்தும். பிந்துவதற்கான மறுபதிவுக் கட்டணத்தையும் நாங்களே கட்ட வேண்டும்.

7. எனவே எமது கோரிக்கைகள்:

(அ) மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கங்களிலுள்ள மாணவியருக்கு அவரவர் ஊருக்கு அண்மைய பாடசாலையிலேயே தரம் 1, 2 பயிற்சியை ஒதுக்க வேண்டும்.

(ஆ) அனுமதிக் கடிதம் பயிற்சிக்கு ஒரு மாதம் முன்னராவது கிடைக்க வேண்டும்.

(இ) மேற்பார்வைக்கு வருவோருக்குத் தூரம் என்றால், எமது கோட்டத்திலேயே உள்ள ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்களை இணை மேற்பார்வையாளர்களாக ஏற்குமாறு பல்கலைக்கழகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும். அவர்கள் இந்தப் பாடசாலைகளுக்கு எப்படியும் வருகிறவர்கள்.

(ஈ) பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவை வெட்டக் கூடாது. இதை வேண்டுமானால் பிறகு பார்க்கலாம். முதலாவதைத் தாருங்கள், போதும்.

ஐயா, நாங்கள் கட்டடம் கேட்கவில்லை. நியமனம் கேட்டு வீதியில் இறங்கவும் இல்லை. அரசுக்கு ஒரு சதச் செலவும் இல்லாத கடிதமொன்றைக் கேட்கிறோம். பாடசாலையின் பெயர் எழுதும் இடத்தில் வேறு பெயரை எழுதுவதற்கு இத்தனை மாதங்களா? கருத்தரங்குகளில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி பற்றி மேடையில் பேசும்போது எம்மை முன்வரிசையில் அமர்த்திப் படம் எடுக்கிறார்கள். தகைமை இல்லாத ஆசிரியைகள் என்று அதே மேடையில் குறையும் சொல்கிறார்கள். தகைமை பெறப் போனால் இதுதான் நடக்கிறது. கோபத்தில் எழுதுவதாகத் தாங்கள் நினைக்கக்கூடும். கோபந்தான். ஆனால் மரியாதைக் குறைவு இல்லை.

எமது கோரிக்கைக்கு இணங்க முடியாவிட்டால், முடியாது என்றாவது காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். இந்த மனுவுக்கும் முத்திரை மட்டுமே பதிலானால், இடஒதுக்கீட்டுப் பட்டியலையும் அதன் காரணங்களையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு விண்ணப்பிப்போம். அந்தச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தமது தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதும் நிலைக்கு எம்மைத் தள்ளமாட்டீர்கள் என நம்புகிறோம்.

இரண்டாம் குழுவின் கடிதங்கள் தயாராகும் முன்னர், அண்மைய பாடசாலைகளை ஒதுக்கித் தர ஆவன செய்யுமாறு மீண்டும் மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள முன்பள்ளி ஆசிரியைகள்

இணைப்பு: முத்திரையிடப்பட்ட முன்னைய மனுவின் பிரதி, எமது ஊர்களையும் அண்மைய பாடசாலைகளையும் குறிக்கும் அட்டவணை (கடந்த முறையும் இணைத்திருந்தோம்).