ஆண்டுப் பொதுக்குழு: செயலாளர் அறிக்கை

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விழாவும் கோடைச் சுற்றுலாவும் மருந்தாளுநர் உரிமத் தேர்வு வகுப்பும் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டு நான் முழுமூச்சாக இறங்கியது ஸ்பானிஷ் வகுப்பில்தான். மத்திய கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் நோயாளிகளுக்கு மருந்தாளுநராக இருந்துகொண்டு அந்த மொழி வேண்டாம் என்று சொல்ல முடியாது. "போனில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே, வகுப்பு எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். இருக்கிறார். மருந்தகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த வசதி வேண்டும் என்பது மாநில விதி. நோயாளி கேட்டால் லேபிளில் ஸ்பானிஷிலும் குறிப்பு போட வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். ஆனால், கேட்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்கிறோம்? மாலையில் வரிசை வாசலைத் தொடும்போது, நோயாளியோடு கூட வந்த பிள்ளையிடமே சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவசரம் தவிர மற்ற நேரத்தில் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசு விதி. ஊரில் பாட்டிக்கு ஆங்கில மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்ன பிள்ளைகள்தானே நாமும்? அந்தப் பாரம் நமக்குத் தெரியும்.

உறுப்பினர் ஒருவர் வகுப்பில் சொன்னதைப் பதிவு செய்கிறேன். காதுவலிக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிப்போன தாய் அதைக் குழந்தையின் காதில் விட்டிருக்கிறார். அதன்பிறகு வாக்கியங்களை மனப்பாடம் செய்வதைக் குறைத்துக்கொண்டோம். பாட்டிலைக் குலுக்கி, சிரிஞ்சில் 5 மில்லி கோடுவரை இழுத்து, வாயைத் தொட்டுக் காட்டி, அப்புறம் அவரையே செய்து காட்டச் சொல்வது என்று பழகினோம். இன்சுலின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்றால் அரைகுறை ஸ்பானிஷ் வேண்டாம், போனைத்தான் எடுக்க வேண்டும். மெக்சிகோவின் வஹாகா மாநிலத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் பலருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ் அல்ல, மிக்ஸ்டெக் என்ற பழங்குடி மொழி. அவர்களிடம் எந்த மொழி என்று முதலில் கேட்டாக வேண்டும்.

முதல் வகுப்புக்கு நாற்காலி போதவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே மேசையில் அடங்கிவிட்டோம். பத்து மணிநேரம் நின்று வேலை பார்த்தவருக்கு அலுப்பு இருக்கும், சரி. வரவில்லை என்று ஒரு வரி தகவலாவது அனுப்பியிருக்கலாம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி நிறைய. ஆசிரியைக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி சிலர் கைக்காசு.

இடம் தந்தவர்களுக்கும் உணவு கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் வர ஆசிரியை சம்மதித்திருக்கிறார். செயலாளர் பொறுப்பை வேறு யார் எடுத்தாலும் மகிழ்ச்சியே. வகுப்பு மட்டும் நிற்கக்கூடாது. பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்.

செயலாளர்