எடை பார்த்துக் கொடுத்தவர்களுக்கும் டம்ளரில் கோடு வெட்டியவருக்கும் நன்றி

ராயபுரம், காசிமேடு உறவுகளுக்கு வணக்கம்.

இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் துணைநின்ற உங்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி மளிகைக்கடை அண்ணாச்சிக்கு. காலை 6 மணிக்கே ஷட்டரைத் தூக்கி, எடை மெஷினைப் பாய்மேல் வைக்காமல் சிமெண்டுத் தரையில் வைக்கிறார். மெத்தென்ற இடத்தில் எடை தப்பாகக் காட்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கால் வீங்கித் தெரிவதற்குள் சில லிட்டர் உள்ளே தங்கிவிடும் என்பதால் வீக்கத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், தினமும் அதே மெஷினில் ஏறுங்கள். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ கூடினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாத்திரத்தில் பேர் வெட்டும் தம்பி, சில்வர் டம்ளர்களில் 100 மில்லிக்கு ஒரு கோடு வெட்டிக் கொடுத்தார். காசே வாங்கவில்லை. டாக்டர் 1.5 லிட்டர்தான் என்று அளவு சொல்லியிருந்தால், காலையில் அவ்வளவு தண்ணீரை பாட்டிலில் பிடித்து வையுங்கள். காபி, மோர், கஞ்சி எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரை பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். பலரும் கணக்கில் விடுவது ரசத்தைத்தான்.

கருவாட்டுக்கார அக்காக்களே, கால் வீங்கியவர்களிடம் "பச்சை மீன் வாங்கிக்கோம்மா" என்று வியாபாரத்தை விட்டுக்கொடுத்தீர்கள். உப்புதான் நீரைப் பிடித்து வைக்கிறது. நாளுக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். இந்துப்பும் சோடியம்தான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சீட்டில்லாமல் வலி மாத்திரை தர மறுத்த மெடிக்கல்காரருக்கும் நன்றி. டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் இரண்டுமே நீரைத் தேக்கும்.

வீட்டுப் பிள்ளைகளே, தாத்தா பாட்டியின் முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பின்மேல் கட்டைவிரலால் 5 விநாடி அழுத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டீர்கள். விரலை எடுத்தபின்னும் குழி நின்றால் நீர். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இடுப்பின் பின்புறம் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம், தைலம் தேய்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். படுத்தால் மூச்சு முட்டி, தலைக்கு ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று கேட்டாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். உட்கார்ந்தும் மூச்சு வாங்கினால் 108.

அன்புடன்,
வீடு வீடாக வரும் உங்கள் செவிலியர்கள்