பி.காம். படிக்க ஆள் இருக்கிறது, கணக்கு எழுதத்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணக்குத் துறைக்கு இளைஞர்கள் வருவது குறைந்துவிட்டது என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கப் பொறுமை இல்லை, எந்நேரமும் செல்போன், சேர்ந்த உடனே பெரிய சம்பளம் வேண்டும் என்கிறார்கள் என்று பழி முழுவதையும் பிள்ளைகள் தலையில் போட்டுவிட்டார் கட்டுரையாளர். நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 1994-லிருந்து இருக்கிறேன். ஆடிட்டர் இல்லை. பி.காம். முடித்து வேலைக்கு வந்து, வருஷங்கள் ஓடியதில் சீனியர் ஆகிவிட்டவள். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லித் தருவதும் நான்தான், அவர்கள் நின்றுவிடும்போது பாதியில் கிடக்கும் ஃபைல்களை வாங்கி அடுக்குவதும் நான்தான். சமீப காலமாக இரண்டாவது வேலைதான் அதிகம்.

காமர்ஸ் குரூப்புக்கு மவுசு குறைந்துவிட்டது என்று கட்டுரையில் இருப்பது எங்கள் பக்கத்து நிலவரம் இல்லை. அரசு கலைக் கல்லூரியில் கலந்தாய்வு நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள், பி.காம். இடத்துக்குத்தான் அடிதடி. படித்து முடித்தபிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதுதான் கேள்வி. பாங்க் பரீட்சைக்குப் போகிறார்கள். டிஎன்பிஎஸ்சி கோச்சிங் போகிறார்கள். ஐடி கம்பெனியில் ஏதோ ஒரு சப்போர்ட் வேலைக்குப் போகிறார்கள். கணக்கில் உண்மையிலேயே கெட்டிக்காரர்களாக இருப்பவர்களில் பலர் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போய் அமெரிக்காக்காரர்களின் வருமான வரி ரிட்டர்ன் போடுகிறார்கள். அமெரிக்காவிலும் இதே பஞ்சம்தான். அங்கே அக்கவுண்டண்ட் கிடைக்காமல் வேலையை இங்கே தள்ளுகிறார்கள், இங்கே எங்களிடம் பழகிய பிள்ளையை அது இழுத்துக்கொள்கிறது. ஆக, கணக்கு வேண்டாம் என்று அவர்கள் ஓடவில்லை. எங்களைப் போன்ற அலுவலகங்கள் வேண்டாம் என்றுதான் போகிறார்கள்.

ஏன் என்று நான் சொல்வதைவிட, மாதக் காலண்டரே சொல்லும். 7-ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வரி, கட்ட வேண்டும். 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனை ரிட்டர்ன். 15-க்குள் பிஎஃப், ஈஎஸ்ஐ. 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி, வரி கட்டும் மாத ரிட்டர்ன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிடிஎஸ் ரிட்டர்ன், நடுவில் அட்வான்ஸ் டாக்ஸ். ஜூலையில் தனிநபர் ரிட்டர்ன், செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட், டிசம்பரில் ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன். இதற்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரித் துறை நோட்டீஸ் வரலாம்.

தேதிகூடப் பெரிய பிரச்சினை இல்லை, அதற்குத் தகுந்தபடி பில் வந்தால். எங்கள் பார்ட்டிகளில், அதாவது கணக்குப் பார்க்கத் தரும் வாடிக்கையாளர்களில், பாதிப் பேர் 18, 19-ஆம் தேதி சாயங்காலம்தான் பில் கொண்டுவருவார்கள், அதுவும் ஏதாவது ஜவுளிக் கடைக் கட்டப்பையில். உள்ளே கொள்முதல் பில், லாரி வாடகைச் சீட்டு, எழுத்தே அழிந்துபோன பெட்ரோல் பங்க் ரசீது, நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை. (ஒருமுறை எல்ஐசி பாலிசிப் பத்திரமே இருந்தது. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தோம்.) இருபத்திரண்டு வயதுப் பையன் அதை மேஜையில் கொட்டி, தேதிவாரியாகப் பிரித்து, டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றி முடிக்க ராத்திரி பத்தரை ஆகும். அடுத்த நாள் ஜிஎஸ்டி போர்ட்டல் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கும் திட்டு அவனுக்குத்தான்.

போன வருஷம், அதாவது 2025-இல், நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 31-இல் முடிய வேண்டிய வருமான வரி ரிட்டர்ன் கெடு செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது. சரி, அவகாசம் கிடைத்தது என்று பார்த்தால், அந்த 15-ஆம் தேதி ராத்திரி வெகுநேரம் கழித்து இன்னும் ஒரே ஒரு நாள் நீட்டித்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் கண் விழித்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம், செப்டம்பர் 22-ஆம் தேதி, ஜிஎஸ்டி விகிதமே மாறியது. 12-உம் 28-உம் போய், ஏறக்குறைய எல்லாம் 5, 18 என்று ஆனது. அத்தனை கடைக்கும் ரேட் மாற்றிக் கொடுத்தோம். அப்புறம் தீபாவளி அக்டோபர் 20, 3பி கெடுவும் அதே 20. அதை 25 ஆக்கும் அறிவிப்பு பண்டிகை நெருங்கிய கடைசி நேரத்தில்தான் வந்தது. அதற்குள் வெளியூர்ப் பையன் ஒருவன் ஊருக்குப் போட்டிருந்த பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். தீபாவளி முடிந்து வந்தவன், வேலையை விடுவதாக ஒரு மாத நோட்டீஸ் கடிதத்தோடு வந்தான். அவனுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கெல்லாம் சம்பளம் எவ்வளவு? பி.காம். முடித்துச் சேருகிறவருக்கு எங்கள் அலுவலகத்தில் பத்தாயிரம். ஈரோட்டில் மற்ற இடங்களிலும் நிலைமை பெரிதாக மாறாது. பெரிய ஜவுளிக் கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற பிள்ளைக்கு அதற்குக் குறையாமல் கிடைக்கிறது, மதியச் சாப்பாடும் உண்டு. முதலாளியைக் கேட்டால் பார்ட்டி ஃபீஸ் தருவதில்லை என்பார். அதுவும் பொய் இல்லை. கடை முகப்புக்கு லட்சக்கணக்கில் எல்இடி போர்டு வைக்கிறவர், மாதம் முழுக்கக் கணக்குப் பார்க்கிறதுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டால், "போன மாசம் பில்லே கம்மிதானுங்களே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய் விழுந்தால் மட்டும், "நீங்க ஞாபகப்படுத்தியிருக்கணுமுங்க". அந்தக் கோபம் முதலாளி வரைக்கும் போகாது, போனை எடுத்த பிள்ளையோடு நின்றுவிடும்.

சம்பளமும் நேரமும் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு அதைவிட உறுத்துவது இன்னொன்று. நாங்கள் சேர்ந்த காலத்திலும் சம்பளம் சொற்பம்தான். ஆனால் தொழில் கிடைத்தது. அப்போது இருந்த பெரியவர் ஒருவர், இருப்பாய்வு ஒத்துப்போகவில்லை, அதாவது பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமாக வரவில்லை என்றால் உடனே பேரேட்டைப் புரட்ட விடமாட்டார். முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொல்வார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 5,400-ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900 அல்லவா. வகுபடவில்லை என்றால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடச் சொல்வார், பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கும். மஞ்சள் மண்டிக்குக் கூட்டிப்போய் கிடங்கில் மூட்டையை எண்ணச் சொல்வார். புத்தகத்தில் இருக்கிற இருப்பும் கிடங்கில் இருக்கிற இருப்பும் ஏன் ஒத்துப்போகாது என்று அங்கே வைத்தே சொல்லித் தருவார். ஈரம் காய்ந்தால் எடை குறையும், அது திருட்டு இல்லை என்று நான் கற்றது அங்கேதான்.

இப்போது சேருகிற பிள்ளைக்கு முதல் வருஷம் முழுக்க நாங்கள் தருவது 2பி மேட்சிங். சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்தான் 2பி, அதை நம் கொள்முதல் பில்லோடு ஒப்பிட வேண்டும். கடைக்காரர் கொள்முதலில் கட்டிய உள்ளீட்டு வரியைத் தன் வரியில் கழித்து எடுத்துக்கொள்ள வேண்டுமானால், சரக்கு விற்றவர் தன் ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் விட்டார்கள். 2019 அக்டோபரில் 20 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கலாம் என்று வைத்து, பிறகு 10, அப்புறம் 5 என்று இறக்கி, 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத எதையும் எடுக்கக் கூடாது என்றார்கள். சட்டம் அப்படி; நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன்படி சூரத்தில் ஒருவர் ரிட்டர்ன் போட மறந்தால் ஈரோட்டில் ஒருவருக்குப் பணம் முடங்கும். அந்தச் சூரத்துக்காரருக்கு அரைகுறை ஹிந்தியில் போன் போட்டுக் கெஞ்சுவது யார் என்கிறீர்கள்? பி.காம். முதல் வகுப்பில் தேறிய நம் பிள்ளை. எக்ஸெலில் இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பில் எண்ணில் நடுவே ஒரு கோடு விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் அவன் கணக்குப் படிப்பு.

எப்போதாவது நல்ல வேலை வந்தால் அவர்கள் முகமே வேறு. 2024 தொடக்கத்தில் சிறு, குறு நிறுவனங்களுக்குப் பாக்கி வைப்பது பற்றிய வருமான வரி விதி ஜவுளிக்காரர்களை ஆட்டிவைத்தது நினைவிருக்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் பணம் கொடுக்காமல் வருஷக் கடைசியிலும் பாக்கி நின்றால், அந்த வருஷக் கணக்கில் அது செலவாக ஏறாது, கொடுக்கும் வருஷத்தில்தான் ஏறும். விசைத்தறிக்காரரிடம் மூன்று மாதக் கடனில் துணி எடுத்தே பழகிய ஊர் இது. எந்த சப்ளையர் சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கிறார், அவர் உற்பத்தியாளரா வியாபாரியா, பாக்கி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று ஒரு பார்ட்டியின் கணக்கை எங்களிடம் இருந்த ஒரு பெண் தனியாகவே பிரித்து, எவ்வளவு வரி கூடும் என்று ஒரு தாளில் எழுதி முதலாளி மேஜையில் வைத்தாள். நான்கு நாள் அந்த வேலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஐந்தாம் நாள் மறுபடி 2பி.

அந்தப் பெண் இப்போது கோயம்புத்தூரில் அமெரிக்க ரிட்டர்ன் போடுகிறாள். சம்பளம் இரண்டரை மடங்கு. ஆனால் அவள் சொன்னது சம்பளத்தைப் பற்றி இல்லை. "அங்கே தப்பு பண்ணினா ஏன் தப்புன்னு எழுதித் தர்றாங்கக்கா. இங்கே நீங்க ஒருத்தர்தான் சொல்லுவீங்க, உங்களுக்கும் நேரமிருக்காது" என்றாள். ஏப்ரல் 15 அமெரிக்காக்காரர்களுக்குக் கெடு. ஜனவரியிலிருந்து அதுவரை அவளும் ராத்திரி பகல் பார்க்காமல்தான் வேலை செய்கிறாள். அது முடிந்தால் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறாள். நமக்கு அந்த 'முடிந்தால்' என்பதே கிடையாது.

ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் ஃபைனல் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியது 9.42 சதவீதம். அடுத்த மே மாதம் அது 19.88. எழுதும் பிள்ளைகள் ஆறு மாதத்தில் இரண்டு மடங்கு கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஆடிட்டரிடம் பயிற்சியாக வேலை பார்க்கும் ஆர்டிகிள்ஷிப்பில் கிடைக்கும் ஸ்டைபண்டு, அதாவது உதவித்தொகை, ஊரின் மக்கள்தொகையைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. பெருநகரத்திலேயே குறைந்தபட்சம் சில ஆயிரம்தான், ஊர் சிறிதாகச் சிறிதாக அதுவும் குறையும். அப்பா தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு எத்தனை அட்டெம்ப்ட் தாங்குவான்? 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப்பை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்ததும், பிறகு தேர்வை வருஷத்துக்கு மூன்று முறை வைக்கத் தொடங்கியதும் நல்ல காரியம்தான். ஆடிட்டர்கள் மூன்றாம் வருஷப் பையன் கைவிட்டுப்போனதே என்று புலம்புகிறார்கள். மலிவான கை போய்விட்டதே என்கிற புலம்பல்தான் அது, வேறொன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதலாம், ஹிந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. பெருந்துறைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு எடுக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எந்தப் பதிவைப் பற்றில் போடுவது, எதை வரவில் போடுவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நிறுவனச் சட்டத்தை ஆங்கிலத்தில் மூன்று மணி நேரம் எழுதச் சொன்னால் முதல் முயற்சியிலேயே துவண்டு போகிறார்கள். ஹிந்திக்கு முடிகிற ஏற்பாடு தமிழுக்கு ஏன் முடியாது என்று நம் எம்.பி.க்கள் யாராவது நாடாளுமன்றத்தில் விடாமல் கேட்டால் நன்றாக இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்து கணக்கு வேலையை விழுங்கிவிடும் என்ற பயமும் ஒரு காரணம் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் அதைப் பேசுவது உண்மை. பேங்க் ஸ்டேட்மெண்டைத் தானாக ஏற்றுவது, 2பி-யை ஒப்பிடுவது எல்லாவற்றையும் மென்பொருள் செய்யட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் அந்தக் கட்டப்பையைப் பிரிக்க இன்னும் மிஷின் வரவில்லை. "இது வீட்டுச் செலவுதானுங்க, கடைக் கணக்கில் எப்படி எழுதறது" என்று முதலாளியின் தம்பியிடம் சொல்லவும் மிஷின் வராது.

எங்கள் சங்கக் கூட்டங்களில் பேசப்படும் தீர்வு, கல்லூரிகளுக்குப் போய் விழிப்புணர்வு முகாம் நடத்துவது. யாருக்கு விழிப்பு வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மாதம் 5-ஆம் தேதிக்குள் பில் தராத பார்ட்டிக்கு ஃபீஸைக் கூட்டுங்கள். சேருகிற பிள்ளையை வாரத்தில் ஒரு நாளாவது ஆடிட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்டாக் எண்ணச் சொல்லுங்கள். பதினைந்தாயிரத்துக்குக் குறைந்து யாருக்கும் கொடுக்காதீர்கள். இதைச் செய்துவிட்டு முகாமுக்குப் போனால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது இரண்டு இடம் காலி. விளம்பரத்தில் சம்பளத்தை வெளிப்படையாகப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். 'சம்பளம் நேரில்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். உங்கள் நாளிதழிலேயே வரி விளம்பரப் பக்கத்தில் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
தணிக்கை அலுவலக ஊழியர் ஒருவர்,
ஈரோடு.

(முதலாளி காலையில் முதலில் படிப்பது உங்கள் நாளிதழைத்தான். பெயரை வெளியிட வேண்டாம்.)