வசந்தாவுக்கு, பேரனின் சி3 பற்றி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. வீடு பார்த்து, பால் காய்ச்சி, சாமான் ஏற்றி இறக்கி முடிவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அதனால்தான் பதில் எழுத நாளாயிற்று.

பேரனுக்குக் காலில் சிரங்கு வந்து ஆறி, சில வாரம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் பழுப்பாகப் போனது என்று எழுதியிருந்தாய். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பிறகு சிறுநீரகத்தில் வரும் அழற்சி என்று டாக்டர் சொன்னதும் அதைத்தான். ரிப்போர்ட்டில் ‘சி3’ என்ற ரத்தப் புரதம் குறைவு என்று பார்த்துவிட்டு, குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா, என்ன கொடுத்தால் ஏறும் என்று தவிக்கிறாய். அப்படியில்லை வசந்தா. கல்லீரல் சி3-ஐத் தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது. வரவு இருக்கிறது, செலவு அதிகம். அதனால் கையிருப்பு குறைந்திருக்கிறது.

கிருமிகளை அழிக்க உதவும் ரத்தப் புரதங்களின் கூட்டத்துக்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயர்; சி3 அவற்றில் ஒன்று. ஆய்வகத்தில் சிபிலிஸ் நோய்க்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனைக்கு முன் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, 56 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைப்போம். காம்ப்ளிமென்ட்டைச் செயலிழக்க வைக்கத்தான் அது. 1890களில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ழூல் போர்டே கண்டது இதைத்தான். நோய்க்கிருமிக்கு எதிரான சீரத்தைச் சூடாக்கினால் கிருமியைக் கொல்லும் திறன் போய்விட்டது. தடுப்பூசியே போடாத விலங்கின் புதுச் சீரத்தைக் கொஞ்சம் சேர்த்ததும் திரும்ப வந்துவிட்டது. 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்தப் புரதங்கள் விழித்துக்கொள்ள மூன்று வழிகள். கிருமிமேல் ஆன்டிபாடி, அதாவது அந்தக் கிருமிக்கென்றே உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம், ஒட்டியிருந்தால் சி1 அதைப் பிடித்து, சி4, சி2 இரண்டையும் வெட்டும். கிருமியின் மேலுள்ள சர்க்கரையை ஒரு புரதம் அடையாளம் கண்டாலும் அதே சி4, சி2தான். மூன்றாவது வழிக்கு இவை எதுவுமே வேண்டாம். சி3 ரத்தத்தில் தானாகவே சிறிதளவு எந்நேரமும் உடைந்துகொண்டிருக்கிறது. உடைந்த துண்டு நம் செல்லில் ஒட்டினால், ஃபேக்டர் எச் போன்ற காவல் புரதங்கள் உடனே அதை முடக்கிவிடும். கிருமியின் மேல் பெரும்பாலும் அந்தக் காவல் இல்லை. அங்கே ஃபேக்டர் பி வந்து சேர, ஃபேக்டர் டி அதை வெட்ட, அந்தக் கூட்டு இன்னும் இன்னும் சி3-ஐ உடைத்துக்கொண்டே போகும். கிருமிமேல் இப்படித் துண்டுகள் படியப் படிய, வெள்ளணுக்கள் அதை எளிதாக விழுங்கும். கடைசியில் சி5 முதல் சி9 வரை கூடி, சில கிருமிகளின் உறையிலேயே ஓட்டை போட்டுவிடும்.

இந்த மூன்றாவது வழியை 1954இல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த லூயி பில்லெமர். புராப்பர்டின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்து, ஆன்டிபாடி இல்லாமலே இது நடக்கும் என்றார். கடும் எதிர்ப்பு வந்தது. 1957இல் அவர் இறந்துபோனார். அவர் சொன்னது சரியென்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்கும் பல வருஷம் கழித்துத்தான். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டில் சி4 சரியாக இருக்கிறது, சி3 மட்டும் குறைவு. முதல் இரண்டு வழிகளில் பெருஞ்செலவு நடந்திருந்தால் சி4-ம் இறங்கியிருக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயில் பெரும்பாலும் இரண்டும் இறங்கும். இவனுக்கு மூன்றாவது வழிதான் அதிகம் ஓடியிருக்கிறது. இந்த நோயில் வழக்கமாகக் காண்பதும் அதுவே. சிறுநீரக வடிகட்டிகளில் படிந்த கிருமியின் மிச்சங்கள் மேல் காம்ப்ளிமென்ட் பாய்ந்து, வெள்ளணுக்களை வரவழைத்து, அங்கே அழற்சியை உண்டாக்கியிருக்கிறது.

கஷாயம், டானிக் எதையும் நீயாகக் கொடுக்காதே. உப்பையும் தண்ணீரையும் டாக்டர் சொன்ன அளவிலேயே வை, ரத்த அழுத்தம் பார்ப்பதைத் தவறவிடாதே. சி3 பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேலும் ஏறாவிட்டால் வேறு சிறுநீரக நோய் உண்டா என்று தேட வேண்டும். அதனால் முகம் வடிந்துவிட்டது, பையன் ஓடியாடுகிறான் என்று மறு பரிசோதனையை விட்டுவிடாதே. முடிவு வந்ததும் சி3, சி4 இரண்டையும் எனக்கு எழுது. பள்ளி லீவில் அவனையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு வா.

அன்புடன்,
கமலா